சாம்பலில் ஆறவேண்டிய இரும்பு

பழுக்கக் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் முக்கினால்தான் அது கெட்டியாகும் என்பது எங்கள் சந்தில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தின் முனையில் இரண்டு கொல்லுப் பட்டறைகள் இருந்தன. மீன் வெட்டும் கத்தியும் அரிவாள்மனையும் அங்கேதான் அடிப்பார்கள். சிவந்த கத்தியைத் தொட்டியில் முக்கும்போது சொய்யென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்பதற்காகவே நின்று, பள்ளிக்கூடத்துக்கு நேரம் தப்பிப் போய், பிரம்படி வாங்கியவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இரும்பைப் பற்றி நமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு வேறு. தலைக்கனம் என்றே சொல்லுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது அந்தச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நைனா, அதாவது என் அப்பா, ஒரு பெரிய பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. முடிந்ததும் எல்லோரையும் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டார்கள், ஒரு பத்துப் பதினைந்து பேரைத் தவிர. அந்தப் பத்துப் பதினைந்தில் நைனாவும் ஒருவர். வாசலில் நின்று கத்தியவர்கள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள், கூட்டத்தில் பின்னால் நின்ற இவருக்குத்தான் வேலை போயிற்று. அது அவர் ராசி. பட்டறையிலிருந்து அவர் கையோடு கொண்டுவந்தது எண்ணெய்த் துணியில் சுற்றிய எட்டு அரங்கள் மட்டும்தான். சொந்த அரங்கள். ஆறு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்து, தினமும் அவற்றை எடுத்துத் துடைத்துத் திரும்பச் சுற்றி வைப்பார். "அரத்த மேல வெச்சா இரும்பு தன் கதைய தானே சொல்லிடும், கண்ணு" என்பார். என்ன கதை என்று கேட்டால் சிரிப்பார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஊரில் உள்ள யோசனைகளில் பாதி அவர் தலையில் பிறந்தவை. மிலிட்டரிக்காரர்கள் கழித்துப் போட்ட வண்டிகளை டிஸ்போசலில் விற்கிறார்கள், ஒன்றை எடுத்து ஓட்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் கிளப்பினார். அம்மாவின் கழுத்தில் கிடந்தது போயிற்று, ஒரு வண்டி வந்தது. வந்தது என்றால் ஓடி வரவில்லை, நாலு மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். எந்த தேசத்து வண்டி என்று யாருக்கும் தெரியாது. முன்பக்கம் இடது சக்கரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றது.

சக்கரமும் வண்டியும் சேரும் இடத்தில் அந்த வண்டிக்கு ஒரு இரும்புக் குண்டும், அந்தக் குண்டு உருளுவதற்கு ஒரு கிண்ணமும் உண்டு. நம் தோள் மூட்டு மாதிரி. பால் ஜாயிண்டு என்று மாமா சொல்வார், ஏதோ அவரே கண்டுபிடித்தது போல. வலது பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. இடது பக்கம் குண்டும் இல்லை, கிண்ணமும் இல்லை, கிண்ணத்தைப் பிடித்து வண்டியின் சட்டத்தோடு சேர்க்கும் தாங்கியும் இல்லை. மெட்ராஸ் முழுக்க அலைந்தும் அந்த வண்டிக்கு ஒரு திருகாணிகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் வேறொரு உடைந்த லாரியின் குண்டும் கிண்ணமும் கிடைத்தன. ஆனால் அந்தக் கிண்ணம் நம் வண்டியில் உட்காராது. உட்கார வைக்க ஒரு தாங்கி வேண்டும். அது எந்தக் கடையிலும் விற்காது, செய்துதான் ஆக வேண்டும்.

எண்ணூரில் ஒரு மீன் மண்டிக்காரர் இருந்தார். வண்டி ஓடத் தகுதியா என்று சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டரிடம் அது பாஸ் ஆகிவிட்டால், தினம் காலையில் ஐஸ் போட்ட மீனை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற வேலையை நைனாவுக்கே தருகிறேன் என்று சொல்லியிருந்தார். வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் பார்க்கும் நாள்.

அதற்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே நைனா அம்மாவிடம் சொன்னார்.

"வண்டி பாஸாச்சுன்னா நல்லது. இல்லாங்காட்டி பினாங்கு கப்பல்ல ஏறிட வேண்டியதுதான். அங்க ஃபிட்டருக்கு ஆள் எடுக்கறாங்க."

அம்மா மடியில் கிடந்த என் குட்டித் தம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவன் எப்போதோ தூங்கிவிட்டான், அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. எங்கள் சந்திலிருந்து கப்பல் ஏறியவர்கள் மூன்று பேர். மூன்று வீட்டிலும் பொம்பளைகள் வாசலில் உட்கார்ந்து தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவள். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு நினைப்புத்தான்: அந்தத் தாங்கி உடையக் கூடாது.

காசு இல்லாமல் அந்த வேலையை நைனா செய்த விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. பாழாய்ப்போன பெருமை. என் சிலேட்டைப் பிடுங்கி அதில் படம் போட்டார். வீட்டுக்கணக்கு எழுத எனக்குச் சிலேட்டு இல்லாமல் போய், அதற்கும் பிரம்படி வாங்கினேன். பிறகு பிஸ்கட் டின்னை வெட்டி, வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, மடித்தும் நிமிர்த்தியும் ஒரு மாதிரி செய்தார். கிண்ணம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலும் சக்கரம் கோணிக்கொண்டு டயரைத் தின்றுவிடுமாம். கொத்தனாரின் தூக்குக்குண்டை இரவல் வாங்கித் தொங்கவிட்டு அரை நாள் பார்த்தார். இரும்புக்கு, லாரியிலிருந்து கழற்றிப் போட்ட பட்டை ஸ்பிரிங் ஒன்று. கரிக்கு நானும் அம்மாவும். துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டியிலிருந்து தண்டவாளத்தோரம் சிந்திக் கிடக்கும் கரியைக் கூடையில் பொறுக்கிக்கொண்டு வந்தோம். துருத்தி, கொல்லுப் பட்டறையில் இரவல்.

"அவுங்களையே அடிச்சுக் குடுக்கச் சொன்னா இன்னா மச்சான்?" என்று மாமா கேட்டார்.

"கத்தி அடிக்கறவன் கைல இத்தக் குடுத்தா கத்தியாத்தான் திரும்பி வரும்" என்றார் நைனா.

என்ன அர்த்தம் என்று மாமாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பிழைப்பு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

திங்கட்கிழமை காலையில் கொல்லையில் செங்கல் அடுக்கி உலை மூட்டினார்கள். துருத்தி ஊதுவது என் வேலை. ஸ்பிரிங் பட்டை சிவந்து, ஆரஞ்சுத் தோல் நிறத்துக்கு வந்ததும் நைனா இடுக்கியால் எடுத்துப் பிடிப்பார், மாமா சம்மட்டியால் அடிப்பார். அடிக்கு அடி பிஸ்கட் டின் மாதிரியோடு வைத்துப் பார்ப்பார் நைனா. சூட்டிலேயே உளி வைத்து நான்கு ஓட்டை போட்டார். மத்தியானம் ஆகும்போது அது குதிரை லாடம் மாதிரி வளைந்து, நடுவில் கிண்ணத்துக்குக் குழிவோடு வந்து நின்றது. கடைசியாக ஒருமுறை நன்றாகக் காய்ச்சினார். எடுத்துக்கொண்டு தண்ணீர் வாளியிடம் போவார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் போகவில்லை. தோண்டி வைத்திருந்த குழியில், சாம்பலுக்குள் அதைப் போட்டு, மேலேயும் சாம்பலைத் தள்ளி மூடிவிட்டார்.

"காலீல வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து மண்டிக்காரரின் ஆள் தெருவில் வந்து கூப்பிட்டான், வண்டி தயாராகிவிட்டதா என்று கேட்க. நைனாவும் மாமாவும் போனார்கள். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். கொல்லையில் நானும் தூளியில் தம்பியும்தான்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நைனா தண்ணீரை மறந்துவிட்டார். மறந்துவிட்டாரோ, தெரியவே தெரியாதோ! அவர் ஃபிட்டர்தானே, கொல்லர் இல்லையே. அரம் பிடிக்கத் தெரியும், கத்தி அடிக்கத் தெரியுமா? சாம்பலில் கிடந்தால் இரும்பு மெத்தென்று ஆகிவிடும். மெத்தென்று ஆனால் வளையும், வளைந்தால் பாஸாகாது, பாஸாகாவிட்டால் கப்பல். எவ்வளவு தெளிவாக யோசித்தேன் பாருங்கள். சனியன் பிடித்த அறிவு.

இடுக்கியை எடுத்தேன். சாம்பலைக் கிளறினேன். உள்ளே இன்னும் செக்கச்செவேலென்றுதான் இருந்தது. இரண்டு கையாலும் தூக்கிப் போய் வாளிக்குள் இறக்கினேன். சொய்ய்ய் என்று கொல்லை முழுக்க ஆவி. தெறித்த வெந்நீரில் கால் பொத்துப்போயிற்று. கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, கறுத்துப் போயிருந்த தாங்கியைத் திரும்பக் குழியில் போட்டு, காய்ந்த சாம்பலாகப் பார்த்து மேலே தள்ளி மூடினேன். கால் கொப்புளத்துக்கு அம்மாவிடம் உலைப்பொறி என்று சொல்லிவிட்டேன். தண்ணீரைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நைனாவுக்குத் தெரியாததை அவர் மகள் செய்துகொடுத்தாள் என்று ஊர் பேசினால் அவருக்கு அவமானமாகிவிடுமே என்று வேறு நினைத்தேன்!

செவ்வாய்க்கிழமை காலையில் நைனா தாங்கியை வெளியே எடுத்தார். கிண்ணம் உட்காரும் குழிவைக் கொஞ்சம் ராவிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. எண்ணெய்த் துணியைப் பிரித்து, பெரிய அரத்தை எடுத்து வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். அரம் கடிக்கவில்லை. கண்ணாடிமேல் இழுத்த மாதிரி கிறீச்சென்று வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்னொரு இழுப்பு. அதே சத்தம். நைனா அரத்தைக் கீழே வைத்தார். தாங்கியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழியைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அரமே ஏறாத அளவுக்கு இறுகிவிட்டதே!

"கெட்டியா கீதா, நைனா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் காலில் இருந்த கொப்புளத்தைப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் கீது, கண்ணு" என்றார்.

பிறகு ஒரு தகரத் துண்டை மடித்து, குழிவில் வைத்து, கிண்ணத்தை அதன்மேல் உட்காரவைத்து முடுக்கிவிட்டார். தகரம் வைத்து முட்டுக்கொடுக்கிறவன் ஃபிட்டர் இல்லை, தையல்காரன் என்று எத்தனையோ பேரைக் கிண்டல் செய்தவர் அவர். மாமாகூட, "இன்னா மச்சான், தகரமா?" என்று கேட்டார். "போதும்பா" என்றார் நைனா. அன்று மத்தியானத்துக்குள் சக்கரம் நேராக நின்றுவிட்டது. மாமா சந்து முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

புதன்கிழமை நைனாவுக்கு ஒரு வேலையும் இல்லை. கூடையில் இன்னும் பாதிக் கரி இருந்தது, உலை அப்படியே இருந்தது. காலையில் கடற்கரைப் பக்கம் போய் வந்தார். முடி வெட்டிக்கொண்டு, மீசையைத் திருத்திக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போகிறாரே, அதற்காக என்று அம்மா சொன்னாள். தம்பியை வெகு நேரம் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வியாழக்கிழமை நானும் மாமாவும் குளித்து, தலைவாரி, வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். முதல் சவாரி எனக்குத்தான் என்று நைனா முன்னாலேயே சொல்லியிருந்தார். அவர் வந்து பார்த்தார்.

"ரெண்டு பேரும் எறங்குங்க. பின்னாலயே நடந்து வாங்க."

"இன்னா மச்சான், கொயந்த ஆசையா குந்திகினு கீது..."

"எறங்குன்றேன்ல?"

நைனா குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். இறங்கினோம். அழுதுகொண்டே பின்னால் நடந்தேன். நடந்து தொடரக்கூடிய வேகத்தில்தான் ஓட்டினார். ரயில்வே கேட்டுக்கு வந்தார். முன்சக்கரம் முதல் தண்டவாளத்தில் ஏறி இறங்கியது. டப்பென்று ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை, சட்டி உடைகிற மாதிரி. வண்டி இடது பக்கம் மண்டிபோட்டது. சக்கரம் தனியாகப் படுத்துக்கொண்டது.

கேட்டில் நின்ற வண்டிக்காரர்கள் எல்லாம் ஓடிவந்து, ரயில் வருவதற்குள் தள்ளி ஓரம் கட்டினார்கள். ஒரு வயசான லாரி டிரைவர் உடைந்து விழுந்த துண்டைக் கையில் எடுத்தார். உடைந்த இடம் சர்க்கரை மாதிரி பொடிப்பொடியாக மினுங்கியது.

"ஸ்பிரிங் பட்டைய எவன்யா தண்ணில முக்கனது? கத்திக்குத்தான் அது சரி. இதுமாதிரி அடி வாங்கற எடத்துல வெச்சா பீங்கான் கணக்கா போயிடுமே! சாம்பல்ல போட்டு ஆறவுட வேணாவா?"

நைனாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் முக்கனேன்" என்றார். "அவசரத்துல."

நைனா அதைச் சாம்பலில் போட்டதைக் கூடவே நின்று பார்த்த மாமா, கழன்று கிடந்த சக்கரத்தை எடுக்கப் போய்விட்டார்.

பத்து நாளில் நைனா கப்பல் ஏறினார். துறைமுகத்தின் கேட்டுக்கு உள்ளே எங்களை விடவில்லை. வெளியே நின்றுகொண்டு எது அவர் கப்பல் என்று தெரியாமல் எல்லாக் கப்பலையும் பார்த்தோம். அரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதல் வருஷம் கடிதம் வந்தது. தொப்பி வைத்துக்கொண்டு ஒரு போட்டோ வந்தது. இரண்டாவது வருஷம் தீபாவளிக்கு ஒரு கடிதம். அதோடு சரி. அம்மாவும் வாசலில் உட்கார்ந்து தபால்காரரைப் பார்க்க ஆரம்பித்தாள். நான்காவது வீடு.

வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. மாமா துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார், முதுகு போய்த் திரும்பினார். அம்மா வண்ணாரப்பேட்டையில் ஒரு கிடங்கில் மிளகாய்க் காம்பு கிள்ளப் போனாள். சாயங்காலம் வந்தால் கையில் எரிச்சல் அடங்காது. அந்தக் கையால் தம்பியைத் தொட்டால் அவன் கத்துவான். ஆகவே தொடமாட்டாள், தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "அந்த எயவெடுத்த வண்டி" என்று அவள் திட்டும்போதெல்லாம் வண்டியின் இடத்தில் என் பெயரைப் போட்டுக் கேட்டுக்கொள்வேன். அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லும் தைரியம் வருவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இருபது வருஷம் இதை நான் சுமந்தேன். நைனாவை நாட்டைவிட்டு ஓட்டினவள் நான். ஓட்டினவளை ஊர் முன்னால் காட்டிக்கொடுக்காமல், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போனவர் அவர். அதை நினைத்து அழுவதில் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது என்று இப்போது தெரிகிறது.

தம்பி வளர்ந்து திருவொற்றியூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை போட்டான். ஒருநாள் மத்தியானம் அவனுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். பட்டறையில் ஒருவன் ஏதோ இரும்பைப் பிடித்து அரம் போட்டுக்கொண்டிருந்தான். கிறீச்சென்று வழுக்கியது. கையிலிருந்த தூக்கை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

"எட்றா அத்த. அரம் போயிடும்" என்று தம்பி அதட்டினான். என் பக்கம் திரும்பினான். "தண்ணில முக்கன பீஸு, அக்கா. அரம் ஏறாது. ஒரு தபா இயுத்தாலே தெரிஞ்சிடும், இது கூடத் தெரியாதவன்லாம் அரம் புடிக்கறான்."

"இனிமே அத்த ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று கேட்டேன்.

"ஏன் முடியாது? மறுபடியும் பயுக்கக் காச்சி சாம்பல்ல போட்டா பழையபடி ஆயிடும். ஒரு நாள் வேல. இன்னாக்கா, மொகம் இப்படிப் போச்சு?"

ஒரு நாள் வேலை. செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்குத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை முழுக்க இருந்தது. அரைக் கூடை கரி இருந்தது. அவர் தகரத்தை மடித்து வைத்தார். முடி வெட்டிக்கொண்டார். எங்களை வண்டியிலிருந்து இறக்கிவிட்டுத் தான் மட்டும் ஓட்டிக்கொண்டு போனார்.

தம்பிக்குச் சோற்றைப் போட்டுக்கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன். என்னால்தான் அவர் போனார் என்று இருந்தவரைக்கும், அவர் எங்களோடு இருக்கத்தான் ஆசைப்பட்டார் என்று ஒன்று எனக்கு மிச்சம் இருந்தது. அந்த மத்தியானத்தோடு அதுவும் போயிற்று. பட்டறை கழித்துப் போட்டபோதே அவருக்குள் எது விட்டுப்போயிற்றோ, எந்தக் கடற்கரையில் நின்று அவர் மனசு மாறியதோ, நாங்கள் நாலு பேரும் அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்தோமோ, எனக்குத் தெரியாது. கேட்பதற்கும் ஆள் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒன்பது வயசுப் பெண்ணுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அரமே ஏறாத இரும்பை அவள் செய்துகொடுத்திருக்கிறாள், கெட்டியாகத்தான் இருக்கிறது என்று நைனாவே சொல்லிவிட்டார். கால் கொப்புளம் வலித்தது. தூளியை ஆட்டிக்கொண்டே குனிந்து தம்பியின் காதில், நைனா இனிமேல் எங்கேயும் போகமாட்டார், தூங்கு என்று சொன்னாள். அவன் தூங்கிவிட்டான்.